வாயால் கொடுத்த சிறுநீரகம்

அண்ணன் வருவதற்கு முன்னால் அவர் குரல் வந்துவிடும். "என்ன சிஸ்டர், எப்படி இருக்கா என் தங்கச்சி?" என்று அவர் வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டால், வார்டில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகளில் கையை நீட்டிக் கிடக்கும் அத்தனை பேரும் கண்ணைத் திறந்து பார்ப்பார்கள். உடம்பிலிருந்து ரத்தம் குழாய் வழியே இயந்திரத்துக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பிக்கொண்டிருக்கும்போது யாராலும் எழுந்து ஓட முடியாது. டயாலிசிஸில் அவளுக்கு இருந்த குறைகளில் அதுதான் பெரிய குறை.

வெறுங்கையோடு வர மாட்டார். ஒரு கேக் டப்பா இருக்கும். அங்கே கிடக்கிற ஒருவரும் அதைத் தொடக் கூடாது என்று அவருக்குத் தெரியும். எல்லார் மூக்குக்கும் எதிரே டப்பாவைத் திறந்து, நர்சுகளுக்கு ஆளுக்கொரு துண்டு எடுத்துக் கொடுத்து, தானும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, விரலை நக்கியபடியே சொல்வார்: "எனக்கு ரெண்டு இருக்கு சிஸ்டர். அதுல ஒண்ணு இவளோடது. நான் சும்மா வச்சுப் பார்த்துக்கிட்டிருக்கேன், அவ்வளவுதான்."

புதிதாக வந்த நர்சுகள் உருகிப்போவார்கள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு அண்ணனா!" என்பார்கள். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அந்தக் கிரீம் வாசனையும் அவர் பூசிக்கொண்டு வரும் பவுடர் வாசனையும் சேர்ந்து அடிவயிற்றைப் புரட்டும். ரத்தத்தில் கழிவு சேர்ந்தால் அப்படித்தான், வாய் கசக்கும், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாப்பாட்டுக்குச் சரி. அண்ணனைக் கண்டால் ஏன் குமட்டுகிறது என்று அவரிடம் எப்படிக் கேட்பது?

ஊரில் அவருக்கு இப்போது 'தியாகி' என்றே பெயர். யாரோ கிண்டலாக வைத்த பெயரில்லை. அவருடைய ஆபீசில் மனதாரக் கூப்பிடுகிறார்கள், அவரும் மனதார ஏற்றுக்கொண்டிருக்கிறார். தியாகம் மட்டும்தான் இன்னும் நடக்கவில்லை.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று தெரிந்த வாரத்தில் ஒருநாள், எல்லாரும் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கணவர் கொடுக்கிறேன் என்று முதலிலேயே போய் நின்று, சர்க்கரை நோய் இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். கல்லூரிக்குப் போகும் மகள் மெல்ல, "அம்மா, நான் வேணா..." என்று ஆரம்பித்தாள். மகளைக் கத்திக்குக் கொடுப்பதா என்று அவளுக்குப் பகீரென்றது. அந்த நேரத்தில்தான் அண்ணன் மார்பில் தட்டிக்கொண்டு எழுந்தார். "சின்னப் பொண்ணு நீ சும்மா இரு. மாமா நான் கல்லு மாதிரி இருக்கேன். என் தங்கச்சிக்கு நான் தர்றேன்!"

நெஞ்சில் பால் வார்த்தது போல் இருந்தது. மகள் தப்பித்தாள் என்ற நிம்மதியில் அவள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். அது பொய்யழுகை இல்லை. அவளை இன்றுவரை எரிய வைப்பது அதுதான், அன்றைக்கு அந்த மனிதர் நிஜமாகவே கொடுக்க நினைத்தார். நினைத்ததோடு சரி.

பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து, "அடடா, பழக்க தோஷம்" என்றார். ஸ்கேனுக்குக் கூப்பிட்டபோது சளி பிடித்திருந்தது. ஒருநாள் முழுக்கக் கழிக்கும் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவர ஒரு பெரிய கேனைக் கொடுத்து அனுப்பினார்கள். கேன் போனது போனதுதான். ஆபீசில் தலைக்கு மேல் வேலை, மேலதிகாரி லீவில் போயிருக்கிறார், முதுகுப் பிடிப்பு, கார் ரிப்பேர். ஒவ்வொன்றுக்கும் ஒரு சப்பைக்கட்டு கைவசம் இருந்தது. முடியாது என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆரம்பசூரத்தனம் அவருக்குப் பிறவியிலேயே வந்தது. கிட்டார் வாங்கி இரண்டு விரல் வைக்கப் பழகினார். நடைப்பயிற்சி இயந்திரம் வாங்கினார், அதில் இப்போது துணி காய்கிறது. குளியலறைச் சுவருக்குத் தானே ஓடு பதிக்கிறேன் என்று இறங்கி இடுப்பளவில் நிறுத்தினார். குடும்பமே அதையெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறது. அவளும்தான் சிரித்தாள். குளியலறைச் சுவர் பாதியில் நின்றால் யாரும் சாவதில்லையே.

*

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பழைய லாரி டிரைவர் கிடப்பார். மனைவி, மக்கள், கூடப் பிறந்தவர் யாரும் கிடையாது. "நான் தனிக்கட்டைம்மா" என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வார். அண்ணன் வந்து போகும்போதெல்லாம், "உனக்கென்னம்மா, கொடுத்து வச்சவ" என்று பெருமூச்சு விடுவார். அவளும் அவரைப் பாவம் என்று நினைத்துக்கொள்வாள்.

ஒருநாள் அந்த நாற்காலி காலியாக இருந்தது. அந்த வார்டில் காலி நாற்காலிக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. அவள், "தனிக்கட்டை போயிட்டாரா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

தலைமை நர்ஸ் சிரித்துவிட்டார். "போகலைம்மா, பொழைச்சுட்டாரு! அவருக்குக் கிட்னி வந்துடுச்சு. ஆபரேஷன் முடிஞ்சு மேல் மாடியில உட்கார்ந்து அதிகாரம் பண்ணிக்கிட்டிருக்காரு."

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறுத்தியது. அவர் தனக்குப் பின்னால் வந்தவராயிற்றே?

மறுமுறை வந்தபோது, மாற்று உறுப்புகளுக்கான அறைக்குப் போய் அங்கிருந்த பொறுப்பாளர் அம்மாளிடம் கேட்டாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டே பேசும் பெண்மணி அவர். இறந்துபோனவர்களின் குடும்பம் சம்மதித்தால் கிடைக்கும் சிறுநீரகங்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது, சேர்ந்த நாளைப் பொறுத்து அது நகரும் என்றார்.

"அதுல நான் எங்க இருக்கேன் மேடம்?"

"நீங்க அதுல இல்லையே."

"இல்லைன்னா?"

"குடும்பத்துல கொடுக்க ஆள் இருந்தா வரிசையில சேர்க்க மாட்டோம்மா. யாரும் இல்லாதவங்களுக்குத்தான் அது. உங்களுக்கு உங்க அண்ணன் இருக்காரே! வாரா வாரம் எனக்கும் கேக் கொடுத்துட்டுத்தானே போறாரு."

அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். இல்லைன்னா அவர் வேண்டாம்னு நீங்க சொல்லுங்க. அன்னைக்கே சேர்த்துடறேன்" என்றார் பொறுப்பாளர். "ஆனா கடைசியிலேருந்துதான் வரணும்."

நாதியற்றவருக்குக் கிடைத்துவிட்டது. நாதி இருந்ததால் அவள் வரிசைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

*

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த முறை சொல்லலாம் என்று வந்தாள். அடுத்த முறை, அதற்கடுத்த முறை. பெற்றவர்கள் போன பிறகு படிக்க வைத்துக் கல்யாணம் செய்துவைத்த அண்ணன், அவரைப் போய் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று ஒரு சாக்கு. உயிரையே தர நின்றவரை உதறிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசுவார்களே என்று இன்னொரு சாக்கு. எல்லாச் சாக்குக்கும் அடியில் ஓர் ஆசை ஒளிந்துகொண்டிருந்தது: ஒருவேளை வந்துவிட்டால்? அடுத்த மாதமே ஊசி இல்லாமல், அளந்து தண்ணீர் குடிக்காமல் ஒரு வாழ்க்கை. அந்த ஆசையைத் தொடும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அண்ணன் ரத்தம்தானே, வேறு எப்படி இருக்கும் என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

அவள் திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிறவள். வாரத்தில் ஊசி இல்லாத நாட்களில் இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தாள். அந்தக் கடையில் அவளே போட்ட ஒரு சட்டம் உண்டு. வருகிறவர்கள் ஒரு துணிச் சுருளைப் பார்த்து ஆசைப்பட்டு, "இதை எனக்கு எடுத்து வைங்க, வந்துடறேன்" என்பார்கள். முன்பெல்லாம் அதில் பெயர் எழுதிய சீட்டைக் குத்திப் பின்னறையில் போட்டுவிடுவார்கள். சொன்னவர் வர மாட்டார். கேட்டு வந்த வேறு நாலு பேருக்கு இல்லை என்று கைவிரிப்பார்கள். கடைசியில் சுருள் மடிப்போரம் மஞ்சளாகி வெளியே வரும். அவள்தான் முதலாளியிடம் சண்டை போட்டு அதை நிறுத்தினாள். சனிக்கிழமை கடை மூடுவதற்குள் வரவில்லையா, சீட்டைப் பிய்த்துவிட்டுச் சுருளை முன்னால் கொண்டுவந்து வை. சொன்னவர் யாராக இருந்தாலும் சரி, சொந்தக்காரராக இருந்தாலும் சரி.

*

அண்ணனுக்கு ஆபீசில் 'சிறந்த மனிதர்' என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். தங்கைக்குச் சிறுநீரகம் தந்து மற்றவர்களுக்கு முன்மாதிரியாக விளங்குவதற்காக என்று அதில் பொறித்திருந்தது. தந்து என்றே பொறித்திருந்தார்கள், தரப்போவதாக இல்லை. அதைக் கொண்டாட வீட்டுக்கு ஆபீஸ்காரர்களைக் கூப்பிட்டிருந்தார். அவள் வராவிட்டால் எப்படி? காட்டுவதற்கு வேறு என்ன இருக்கிறது அவரிடம்?

போனாள். ஒவ்வொருவராக வந்து, "நீங்கதானா அந்தத் தங்கச்சி?" என்று கையைப் பிடித்தார்கள். ஆபரேஷன் ஆகிவிட்டது என்றே பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். "இப்ப உடம்பு நல்லா தேறிடுச்சே!" என்று ஓர் அம்மாள் வீங்கியிருந்த அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அவள் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

முகம் கழுவிக்கொள்ளலாம் என்று குளியலறைக்குப் போனாள். இடுப்பளவு ஓடு, அதற்கு மேல் சிமெண்டு, எல்லாம் பழையபடி. கழிப்பறை மூலையில், பிரஷ்ஷுக்குப் பக்கத்தில், ஒரு பெரிய வெள்ளைக் கேன் இருந்தது. பாதிக்கு மேல் பினாயில். மேலே ஆஸ்பத்திரிச் சீட்டு, ஈரத்தில் ஊறி ஓரம் சுருண்டிருந்தது. அதில் அவர் பெயருக்குக் கீழே, அடைப்புக்குள், யாருக்காக என்ற இடத்தில் அவள் பெயர்.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. தலைமுடி அடைத்த சாக்கடைக் குழிக்குள் கையை விட்டால் வருமே, அந்த அருவருப்புதான் வந்தது. ஒரு நாள் மூத்திரம். ஒரே ஒரு நாள் பெய்கிற மூத்திரத்தைப் பிடித்துக் கொடுக்க முடியாத மனிதர், கூடத்தில் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறார். அவள் வாஷ்பேசினில் குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு கேனைத் தூக்கினாள்.

அடுப்படியில் அண்ணி கட்லெட் பொரித்துக்கொண்டிருந்தார். கேனைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது.

"அண்ணி, அண்ணாவைக் கூப்பிடுங்க."

"நான்தாம்மா பினாயில் ஊத்தி வச்சேன்" என்றார் அண்ணி மெதுவாக. "எத்தனை மாசமா சும்மாவே கிடந்துச்சு. பார்க்கப் பார்க்க எனக்கே வயித்தெரிச்சலா இருந்துச்சு."

அண்ணன் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார், கேனைப் பார்த்தார், சிரிப்பைக் குறைக்காமலே, "அட, இதை எங்கேன்னு தேடிக்கிட்டிருந்தேன்!" என்றார்.

"அண்ணா, உன்னை ஒண்ணு கேட்கறேன். முடியாதுன்னு ஒரு தடவை சொல்லிடு."

"யாரு முடியாதுன்னு சொன்னது? நான் என்னைக்காவது அப்படிச் சொல்லியிருக்கேனா?"

"சொல்லலை. அதனாலதான் கேட்கறேன். பயமா இருந்தா பயம்னு சொல்லு. கத்தி வைக்கறதுன்னா யாருக்குத்தான் பயமில்லை? உன்மேல எனக்கு ஒரு துளி கோபம் வராது, சத்தியமா."

"பயமா? எனக்கா?" அவர் குரல் உயர்ந்தது. கூடத்துக்குக் கேட்கும் என்று நினைவு வந்து இறங்கியது. "நேரம்தாம்மா அமையலை. என் உசிரே உனக்குத்தான்."

"உசிரெல்லாம் வேண்டாம். ஒரு கேன் கேட்டாங்க. அதைக்கூட உன்னால தர முடியலை."

அண்ணி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "இவருக்கு ஊசின்னாலே கை கால் ஆடும். எனக்குக் குழந்தை பொறந்தப்போ வெளியில மயங்கி விழுந்தவரு. அன்னைக்குக் கூடத்துல எழுந்து சொன்னப்பவே எனக்குத் தெரியும். என் வாயையும் சேர்த்து அடைச்சுட்டாரு."

"நீ சும்மா இரு!" என்று அண்ணியின் மேல் பாய்ந்தார் அண்ணன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தக் கண்ணீரும் நிஜம்தான். அவருடைய கண்ணீரில் எப்போதும் குறை சொல்ல முடியாது.

"நீ எனக்குத் தர்றேன்னு சொல்லிட்ட. அதனால வேற யார்கிட்டேயிருந்தும் எனக்கு வராது. ஆஸ்பத்திரியில என்னை வரிசையிலயே சேர்க்கலை, தெரியுமா உனக்கு?" என்றாள் அவள். "திங்கட்கிழமை போய் உன் பேரை எடுத்துடப் போறேன்."

அவர் அவளையே பார்த்தார். அடிபட்டவர் போல் முகத்தை வைத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றார். ஆனால் தோள் இரண்டும் தாமாகவே இறங்கின, நீண்ட நாள் பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. "நான் தர்றேங்கறேன், நீ வேண்டாங்கற. சரி, உன் இஷ்டம். நான் என்ன செய்ய முடியும்?" என்றார். போகும்போது தட்டிலிருந்து சூடாக ஒரு கட்லெட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனார்.

*

திங்கட்கிழமை, மாற்று உறுப்புகளுக்கான அறை வாசலில் அவளும் கணவரும் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. அண்ணன்தான்.

"ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லைம்மா. நான் முடிவு பண்ணிட்டேன். அடுத்த வாரம் முழுக்க லீவு சொல்லிட்டேன். எல்லா டெஸ்டும் ஒரே மூச்சுல முடிச்சுடலாம். அவசரப்பட்டு எதுவும் செஞ்சுடாதே. இந்தத் தடவை நிஜம்!"

அதே பழைய கரகரப்பு, அன்றைக்குக் கூடத்தில் கேட்ட அதே குரல். கேவலமாக, வெட்கம்கெட்டதாக, அந்த ஆசை மறுபடியும் தலையைத் தூக்கியது. கணவர் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரம்தானே?" என்றார் அவர். "மச்சான் இவ்வளவு தூரம் சொல்றாரு. பொறுத்துத்தான் பார்ப்போமே."

நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்து போய்விட்டால் எவ்வளவு சுகமாக இருக்கும்! யார் மனமும் நோகாது. அண்ணன் மறுபடி தியாகி, அவள் மறுபடி கொடுத்து வைத்தவள். எதிரே ஒரு சின்னப் பையனைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்து, உள்ளே போய், வெளியே வந்தாள். பையனை வரிசையில் சேர்த்துவிட்டாள் போலிருக்கிறது. உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் தனக்கு முன்னால் ஆள் சேர்ந்துகொண்டே இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எத்தனை சனிக்கிழமை போய்விட்டது! கடையில் ஒரு முழம் துணிக்குக் கொடுக்காத சலுகையைத் தன் உயிருக்குக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே.

"அண்ணா, அடுத்த வாரம் லீவுல வீட்டுல நல்லா ரெஸ்ட் எடு" என்று போனை வைத்தாள். எழுந்தாள். கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

"மேடம், என் அண்ணன் எனக்கு வேண்டாம். வரிசையில சேர்த்துடுங்க."

பொறுப்பாளர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "நல்லா யோசிச்சுட்டீங்களா? ரொம்ப நாள் ஆகும். வராமலேகூடப் போகலாம்."

"யோசிச்சு யோசிச்சுத்தான் இவ்வளவு நாள் போச்சு. எழுதுங்க."

எழுதினார். அவள் எல்லாருக்கும் கடைசியில் நின்றாள். கடைசி என்றாலும் இப்போது ஓர் இடம்.

*

அடுத்த வாரம், சரியாக அந்த லீவு வாரத்தில், அண்ணன் கேக் டப்பாவோடு வார்டுக்கு வந்தார். பவுடர் மணத்தது. டப்பாவைத் திறந்தார், விரலை நக்கினார். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு நர்சிடம் பெருமூச்சோடு சொன்னார்: "நான் தர்றேன்னுதான் நின்னேன் சிஸ்டர். இவதான் பிடிவாதமா வேண்டாம்னுட்டா. அண்ணன் உடம்புல கத்தி படக் கூடாதாம். அவ்வளவு பாசம்!"

நர்சுக்குக் கண் கலங்கிவிட்டது. தியாகிப் பெயரை அவரே வைத்துக்கொள்ளட்டும். கேடயத்தையும் வைத்துக்கொள்ளட்டும். அவர் எதை வைத்துக்கொண்டாலும் அவள் இடத்தை மறைத்துக்கொண்டு நிற்காத வரைக்கும் சரி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வார்டில் அன்று புழுக்கம் தாங்கவில்லை. ஏசி நின்றுபோய் நாளாகியிருந்தது. தலைமை நர்ஸ் மேசையில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டே, புது ஏசி கேட்டு மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். வியர்த்துக் கிடக்கும் முகங்களைப் பார்த்தார். அவர் மார்பு விரிந்தது. அதைப் பார்த்ததுமே அவளுக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"என்ன சிஸ்டர் இது அநியாயம்? இந்த ஏழைபாழைங்க இப்படி வேகறதா? எழுதறதை விடுங்க. ஏசியை நான் வாங்கித் தர்றேன்!"

நாற்காலிகளில் கிடந்தவர்கள் ஊசி குத்தாத கையால் தொடையில் தட்டினார்கள். தலைமை நர்ஸ் முகம் மலர்ந்து பேனாவை மூடப் போனார்.

"சிஸ்டர்!" என்று அவள் போட்ட சத்தத்தில் இயந்திரத்துக் குழாயே ஆடியது. "பேனாவை மூடாதீங்க. எழுதி இன்னைக்கே அனுப்பிடுங்க. இவர் தர்றேன்னு சொன்னது வெளியில தெரிஞ்சா, அப்புறம் ஒருத்தரும் தர மாட்டாங்க."

எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது அண்ணன்தான். "பார்த்தீங்களா, என் தங்கச்சிக்கு எப்பவும் குறும்பு!" என்றார்.

தலைமை நர்ஸ் சிரிக்கவில்லை. அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தார்.